முற்றத்துக்கு வந்த மீன்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எனக்கு வடிவாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. 'ற' எங்கே போட வேண்டும், 'ர' எங்கே போட வேண்டும் என்பது இன்றைக்கும் தடுமாற்றம்தான். நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து கதைக்கவும் கூச்சம். அதனால்தான், கோயில் பெருநாள் மலருக்கு "செபம் கேட்கப்பட்ட சம்பவம் ஒண்டு எழுதித் தாங்கோ அம்மா" என்று பங்குச் சுவாமி கேட்டபோது ஓம் என்று தலையாட்டிவிட்டு, பிறகு அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே குசினிக்குள் போய் நின்றுகொண்டேன். பேத்திதான் என்னைப் பிடித்து இருத்தினாள். "நீங்கள் எழுதுங்கோ அம்மம்மா, பிழையை நான் பாக்கிறன்" என்றாள். மறதியும் கூடிப்போச்சு. முன்னுக்குப் பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் முல்லைத்தீவுக் கடற்கரை ஆட்கள். எங்கள் வீட்டுக் கோடியில் நின்றால் கால் நனையும் என்று அப்பா பகிடிக்குச் சொல்வார். மீன் இல்லாமல் ஒருநாள் சோறு வைத்தால் அம்மாவுக்குப் பொறுக்காது. "இண்டைக்கு எங்களுக்கும் வெள்ளிக்கிழமையோ?" என்று, பக்கத்துச் சைவ ஆட்களை நினைத்துக்கொண்டு கேட்பார்.

பிறகு சண்டை வந்து, கடலுக்குப் போகக்கூடாது என்று நேவி தடை போட்டது. போகாமல் எத்தனை நாளைக்கு இருக்கிறது? ஒருநாள் அப்பா விடியமுன்னம் சின்ன வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார். அவருடைய துடுப்பு ஒன்று கரையில் ஒதுங்கியது. அவர் ஒதுங்கவில்லை. அப்போது அம்மாவின் வயிற்றில் தம்பி இருந்தான்.

எங்களோடு மாமியும் இருந்தார், அப்பாவின் தமக்கை. கலியாணம் முடிக்காதவர். அவருக்குக் கடவுளென்றால் அந்தோனியார்தான். மற்றவர்கள் எல்லாரும் அந்தோனியாருக்குப் பிறகு. காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அவர் என்பது உங்களுக்குத் தெரியும். மாமி ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது எதையாவது தொலைப்பார். அந்தோனியாரைக் கூப்பிடுவார். அது கிடைத்துவிடும். அவருக்கு வேலை கொடுப்பதற்காகவே மாமி தொலைக்கிறார் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார்.

அப்பா காணாமல் போனதும் மாமி அந்தோனியாருக்கு முன்னால் முழங்காலில் விழுந்தார். நானும் பக்கத்தில் விழுந்தேன். முழங்கால் தோல் உரியும் வரைக்கும் கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கிழமைக்குள்ளேயே மாமியின் பாக்குவெட்டி காணாமல் போனது. மாமி அழுதுகொண்டே அதற்கும் ஒரு செபம் சொன்னார். பாக்குவெட்டி அரிசிப் பானைக்குள் இருந்தது. மாமி அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எனக்கு நம்பிக்கை அந்த இடத்தில்தான் விட்டுப்போனது. பாக்குவெட்டியை எடுத்துக் கொடுக்கிறவருக்கு அப்பாவை எடுத்துக் கொடுக்கத் தெரியாதோ? இல்லாவிட்டால் அங்கே ஒருவரும் இல்லையோ? பாக்குவெட்டி தானாகத்தான் பானைக்குள் கிடந்ததோ? இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. செபமாலை சொல்லும்போது வாயை மட்டும் அசைத்தேன். சத்தம் வராமல் வாயசைப்பது எனக்குச் சுலபம். எப்போதும் என் சத்தம் ஒருவருக்கும் கேட்பதில்லை.

கடல் பக்கமிருந்து ஷெல் விழத் தொடங்கியதும் ஊரே கிளம்பியது. உழவு மெசினில் ஏறி, இரண்டு இடத்தில் இருந்துவிட்டு, கடைசியில் நெடுங்கேணிப் பக்கம் ஒரு குளக்கட்டுக்குக் கீழே வந்து சேர்ந்தோம். வயற்காணி ஒன்றின் மூலையில் கொட்டில் போட இடம் தந்தது ஒரு அம்மா. நாங்கள் அவரைக் காணிக்காரம்மா என்போம். அவர் மாமியைச் "சேசு வீட்டு அக்கா" என்பார். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையப் பகிடி. கடல் மணக்காத இடத்தில் எனக்கு முதல் நாள் மூச்சு விடவே ஒருமாதிரி இருந்தது.

தம்பி அந்தக் கொட்டிலில்தான் பிறந்தான். பிறந்ததும் நல்ல குரல். பிறகு குரல் குறையக் குறைய எங்களுக்குப் பயம் பிடித்தது. அம்மாவுக்குப் பால் இல்லை. பால்மா கடையில் இல்லை. காணிக்காரம்மா ஆட்டுப்பால் தந்தார். தம்பிக்கு அது வயிற்றால் போய்ப் போய் இன்னும் வாடிவிட்டான். கடைசியில் சீனித்தண்ணியைத் துணியில் நனைத்து வாயில் வைத்தோம். அவன் அதையும் சப்பாமல் பார்த்துக்கொண்டு கிடப்பான். கிழவன் மாதிரிப் பார்வை.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கரைத்து மீன்கறி வைத்துக் கொடுப்பார்கள். கொத்தமல்லி, மிளகு, இஞ்சி எல்லாம் அரைத்து, பால்சுறாவைப் போட்டு வைத்தால் பால் ஊறும். சரக்குச் சாமான் மாமியின் மடியில் இருந்தது. ஊரை விட்டு ஓடும்போதும் அதை முடிந்துகொண்டு வந்தவர். மீன்தான் இல்லை. தடை வந்த பிறகு கடல் மீன் அந்தப் பக்கம் வருவதேயில்லை.

குளத்து மீன் இருந்தது. காணிக்காரம்மாவின் புருஷன் ஒருநாள் ஜப்பான் மீன் என்கிற திலாப்பியா கொஞ்சம் ஓலையில் கோர்த்துக்கொண்டு வந்து தந்தார். மாமி பல்லைக் காட்டி வாங்கிக்கொண்டு, அவர் போனதும் தள்ளி வைத்தார். "சேத்து மணம். உதைத் திண்டால் இருக்கிற பாலும் வத்திப் போம்" என்றார். கடற்கரைச் சனத்துக்குக் குளத்து மீன் மீனே இல்லை. அம்மா அந்த மீனைப் பார்க்கவும் இல்லை. மாமி ஒளித்து வைத்திருந்த கருவாட்டுத் துண்டைச் சொதிக்குள் போட்டுக் கொடுத்தபோது, அம்மா மணம் பட்டதும் கோப்பையைத் தள்ளிவிட்டு வெளியே போய் ஓங்காளித்தார். மீன் என்று கதை வந்தாலே அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார்.

நான் என்ன நினைத்தேன் என்றால், அம்மாவுக்குப் பச்சை மீன் ஆசை, அது இல்லாத கோபம் என்று. எங்கள் வீட்டில் மீன் இல்லாத நாளில் அம்மா காட்டுகிற கோபம் எனக்குத் தெரியும்தானே. அதுதான் பெரிதாகி இப்படி வந்திருக்கிறது என்று விளங்கிக்கொண்டேன்.

ஒருநாள் பின்னேரம் காணிக்காரம்மா தம்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மாமியிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். மாமி, "அவனுக்கு ஞானஸ்நானத் தண்ணியாவது ஊத்த வேணும். சுவாமிக்கு ஆள் அனுப்புங்கோ" என்றார். அவசரத்துக்கு ஞானஸ்நானம் ஊற்றுவது எந்தப் பிள்ளைக்கு என்று எனக்குத் தெரியும்.

கொட்டிலுக்குப் பின்னால் ஒரு பாலை மரம் நின்றது. நான் அதற்குக் கீழே போய் நின்றேன். முழங்காலில் நிற்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரோடு சண்டைக்குப் போனேன்.

சொன்னது இப்பவும் அப்படியே ஞாபகம். "நீர் இருக்கிறீரோ இல்லையோ எனக்குத் தெரியாது. இருந்தால் மீன் அனுப்பும். எங்கட முத்தத்துக்கு அனுப்பும். விடியிறதுக்குள்ள வரவேணும். சுறா எண்டால் நல்லம், பாரை எண்டாலும் பரவாயில்லை. வரேல்லையெண்டால் நீர் இல்லை. அந்தோனியாரும் இல்லை. பாக்குவெட்டி தானாக் கிடந்தது." கடைசியில் ஒரு கெட்ட சொல்லும் சொன்னேன். அதைக் கோயில் மலரில் எழுத முடியாது.

முற்றத்துக்கு என்று நான் கேட்டது நடக்கக்கூடாத இடமாகத் தேடித்தான். நெடுங்கேணிக் காட்டுக்குள், கடல் கண்ணுக்கே தெரியாத முற்றத்தில் மீனுக்கு என்ன வேலை? அவர் இல்லை என்று எனக்கு முடிவு தெரிய வேண்டும். தெரிந்தால் அதோடு கேட்பதை விட்டுவிடலாம்.

பொழுது படும் நேரம் மழை பிடித்தது. அந்த வருசத்து முதல் பெருமழை. கிடுகுக் கூரை ஒழுகியது. சட்டி பானை எல்லாவற்றையும் ஒழுக்குக்கு வைத்துவிட்டு, அம்மாவையும் தம்பியையும் நடுவில் படுக்கவைத்து நாங்கள் சுற்றி இருந்தோம். நான் மீனை மறந்து நித்திரையாகிவிட்டேன்.

விடிந்தும் விடியாமலும் எழும்பி வெளியே போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் இருந்து முற்றம் வரைக்கும் மெல்லிசாகத் தண்ணி ஓடியது. அதில் ஏதோ சரசரவென்று சத்தம். தவளை என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன்.

மீன்.

ஒன்றில்லை. முற்றம் முழுக்க. கருப்பும் பச்சையுமாக, என் உள்ளங்கையளவு. தண்ணியில் நீந்தவில்லை, தண்ணி அவற்றின் முதுகுக்கும் வரவில்லை. செவுளை அகலவிரித்து மண்ணில் ஊன்றி, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, தள்ளித் தள்ளி நடந்து வந்தன. ஒன்று எங்கள் வாசல் மண்ணை ஏறி, தட்டியில் முட்டி, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

நான் கடற்கரையில் பிறந்தவள். வலையில் துடிக்கிற மீன் பார்த்திருக்கிறேன். கரையில் எறிந்தால் துள்ளி, வாயைத் திறந்து செத்துப் போகிற மீன் பார்த்திருக்கிறேன். வீட்டைத் தேடி நடந்து வருகிற மீனை நானும் பார்த்ததில்லை, எங்கள் பரம்பரையிலும் பார்த்ததில்லை. கனவோ என்று ஒன்றைப் பிடித்தேன். செவுள் முள்ளால் விரலில் கிழித்தது. இரத்தம் வந்தது.

சந்தோசம் என்று எழுதினால் பொய். கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பாலை மரத்தடியில் யாரோ நின்று ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மீனைக் கேட்டவர் அந்தக் கெட்ட சொல்லையும் கேட்டிருப்பார்தானே. நான் உள்ளே ஓடிச் சாக்கை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டு படுத்தேன். பல்லுப் பல்லோடு அடித்தது.

மாமி குளிர்க் காய்ச்சல் என்று நினைத்து என் நெற்றியைத் தொட்டார். நான் வெளியே கையைக் காட்டினேன். மாமி போனார். சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், மாமி சேற்றுக்குள் முழங்காலில் நிற்கிறார். அவரைச் சுற்றி மீன்கள் நடந்து போகின்றன. அந்தோனியார் பிரசங்கம் வைத்தபோது கடல் மீன்கள் தலையைத் தூக்கிக் கேட்டனவென்று மாமி எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். இப்போது பிரசங்கம் முடிந்து அவை வீட்டுக்கு வருகின்றன என்றுதான் நினைத்தாரோ தெரியாது.

"ஆர் கேட்டது?" என்று மாமி மெதுவாகக் கேட்டார்.

"நான்தான்."

"நீயோ? உனக்குக் கதைக்கவும் தெரியுமோடி?"

அந்த நேரம் காணிக்காரம்மா தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, இடுப்பில் கடகத்தோடு வந்தார். முழங்காலில் நின்ற மாமியைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"என்ன சேசு வீட்டு அக்கா, சேத்துக்குள்ள பூசையோ? எழும்பிப் பிடியுங்கோ. வெயில் வந்தால் போயிடும்."

"இது அந்தோனியார் செய்த புதுமை. பிள்ளை கேட்டு வந்தது" என்றார் மாமி.

காணிக்காரம்மா கடகத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். "அப்ப எங்கட பிள்ளையார் வருசா வருசம் அனுப்புறார், ஒருத்தரும் கேக்கிறேல்லை. இது பனையேறி. முதல் மழைக்குக் குளத்தால வெளிக்கிட்டு ஊர் சுத்தும். பனையிலயும் ஏறுமாம், நான் காணேல்லை. உங்கட கடல் மீனுக்கு இந்தக் கெட்டித்தனம் இருக்கோ?"

மாமிக்கு முகம் செத்துவிட்டது. எழும்பிச் சேலையில் சேற்றைத் தட்டினார். குளத்து மீன். சேற்று மீன். எனக்கு அழுகை வந்தது. நான் சுறா கேட்டேன், பாரை கேட்டேன். அவர் அனுப்பியது மாமி கையாலும் தொடாத மீன். கடவுளும் என் சொல்லை அரைகுறையாகத்தான் கேட்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

அப்போது பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. பல நாளாகக் கேட்காத குரல். தட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். நெஞ்சோடு தம்பி.

"அக்கா, இது எவிடத்து மீன்?"

"உந்தக் குளத்து மீன்தான் பிள்ளை."

"கடலுக்குப் போகாதோ?"

காணிக்காரம்மாவுக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. "கடலோ? இது கடலைக் கனவிலும் கண்டிருக்காது. இந்தக் குளத்தில பிறந்து, மிஞ்சி மிஞ்சிப் போனால் என்ர வயலுக்குள்ள வந்து சாகும்."

"கடலில இருந்து இஞ்ச வாறதும் இல்லையோ?"

"எப்பிடி வாறது? பஸ்ஸிலயோ?"

அம்மா கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. கடற்கரைக்காரியின் பெருமையில் அம்மா என்னுடைய மீனை நூறு கேள்வி கேட்கிறார், இனித் தள்ளிவிடப்போகிறார் என்று நினைத்தேன். அம்மா மாமியைப் பார்த்து, "மச்சாள், சரக்கரையுங்கோ" என்றார்.

மாமி அம்மியடிக்குப் போனார்.

மீனைச் சாம்பல் போட்டு உரசிச் செதில் எடுத்துத் தந்தது காணிக்காரம்மா. கறி கொதிக்கும்போது சேற்று மணம் வந்தது, மாமி இன்னும் கொஞ்சம் மிளகு போட்டார். அம்மா சட்டிக்குப் பக்கத்திலேயே இருந்து சாப்பிட்டார். முள்ளைக் கூடச் சப்பித்தான் வைத்தார். சாப்பிடும்போது கண்ணால் தண்ணி வடிந்தது. மாமி, "உறைப்புக் கூடிப்போச்சோ?" என்று கேட்டார். "ஓம் மச்சாள்" என்றார் அம்மா.

மழை விட்ட பிறகும் காணிக்காரம்மா வாய்க்காலில் பறி வைத்துப் பனையேறி பிடித்துத் தந்தார். பால் ஒரே நாளில் வரவில்லை. வந்தது. முதலில் தம்பி இரண்டு வாய் உறிஞ்சிவிட்டுக் களைத்துப்போய் நித்திரையானான். பிறகு பசிக்கு அழத் தொடங்கினான். அந்த அழுகையைக் கேட்டு மாமி பாக்குவெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே அழுதார். சுவாமி வந்தபோது, அவசரத்துக்கு ஊற்றவேண்டிய தண்ணியை ஆறுதலாகப் பாட்டோடு ஊற்றினார். பிறகு வந்த எல்லாவற்றையும் தாண்டி, தம்பி இன்றைக்குக் கிளிநொச்சியில் பெண்சாதி பிள்ளைகளோடு இருக்கிறான்.

எனக்கு விசுவாசம் வந்தது இப்படித்தான். ஆனால் அது பயத்தோடு வந்தது. கன நாள் மனதுக்குள் கதைக்கவே கூச்சப்பட்டேன், கேட்டுக்கொண்டிருப்பாரே என்று. செபமாலையில் சத்தமாகச் சொல்லத் தொடங்கினேன். அப்பாவை மட்டும் திரும்பக் கேட்கவில்லை. கேட்டால் வரும், ஆனால் என்ன மாதிரி வரும் என்று சொல்ல முடியாது. அதன் பிறகு மழை பெய்து விடிகிற நாளில் முற்றத்தைப் பார்க்கப் பயந்து, மாமி எழும்பும் வரைக்கும் படுத்துக் கிடப்பேன். முதலில் அப்பாவுக்காகக் கேட்ட அந்தச் செபத்துக்கு இன்னும் மறுமொழி வரவில்லை. அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

கனகாலத்துக்குப் பிறகு கடற்கரைக்குத் திரும்பினோம். நானும் கடலுக்குப் போகிற ஒருவரைத்தான் கலியாணம் முடித்தேன். அம்மா மட்டும் கடல் மீனைத் தொடவே இல்லை. தம்பி தப்பியதற்கு அந்தோனியாருக்கு வைத்த நேர்த்திக்கடன் அது என்று மாமி ஊரெல்லாம் சொன்னார். நானும் அப்படியே நம்பி, எனக்குத் தெரிந்தவர்களிடம் அதைச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு மாரிக்கு எங்கள் ஒழுங்கையில் ஒருவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. தேடிக் களைத்த பிறகு, அயலில் செய்வதுபோல நான் சோறும் மீன் குழம்பும் கொண்டு போனேன். அவருடைய பெண்சாதி சின்னப்பிள்ளை மாதிரி ஒருத்தி, முந்தின வருசம்தான் கலியாணம் முடித்தவள். கோப்பையைப் பார்த்தாள். மெதுவாக, கோபம் ஒன்றும் இல்லாமல், அந்தப் பக்கம் தள்ளி வைத்தாள்.

"வேண்டாம் அக்கா. எந்த மீன் அவரைத் திண்டதோ."

நான் கோப்பையைக் கையில் பிடித்தபடி நின்றேன். பனையேறி தட்டியில் முட்டிக்கொண்டு நின்ற அந்த விடியற்காலையில்கூட நான் அப்படி நடுங்கவில்லை. எவிடத்து மீன், கடலுக்குப் போகாதோ, கடலில இருந்து வாறதும் இல்லையோ. அம்மா கேட்ட ஒவ்வொரு கேள்வியும் திரும்பி வந்து காதில் விழுந்தது.

சுறா கேட்டேன் நான். சுறா வந்திருந்தால் அம்மா தொட்டிருக்கமாட்டார். தம்பி இருந்திருக்கமாட்டான். பிழையான மீனை அனுப்பினார் என்று இவ்வளவு காலமும் மனதின் ஒரு மூலையில் அவரோடு கோபித்துக்கொண்டல்லவா இருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் இருந்தேன். "ஏன் திரும்பக் கொண்டு வந்தனி?" என்று கோப்பையைப் பார்த்துக் கேட்டார். "அவளுக்கு வேண்டாமாம்" என்றேன். அம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

இதில் எனக்குச் சரியாக ஞாபகமில்லாதவை இருக்கின்றன. மழை ஐப்பசியிலா கார்த்திகையிலா, பின்னால் நின்றது பாலையா வேறு மரமா, தெரியாது. சுவாமி யாரையாவது விசாரித்துத் திருத்தவும். இன்னொன்று. பேத்தி இதை வாசித்துவிட்டு, பனையேறி கடலோரத்து உவர்த்தண்ணியிலும் நிற்குமாம் என்று எங்கேயோ பார்த்ததாகச் சொல்கிறாள். மெய்யோ பொய்யோ தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கோ. மெய்யென்றால் மலரில் சரியாகவே போடுங்கோ. ஆனால் அந்த மலர் ஒன்றும் எங்கள் வீட்டுக்கு வரவேண்டாம். அம்மா இன்னும் இருக்கிறார். எழுத்துக் கூட்டி வாசிப்பார்.